நாலு பேர், இரண்டு சைக்கிள், ஒரு சுவையூற்று

கிளிநொச்சிக்குப் பக்கத்து வட்டக்கச்சியில் எங்களுக்குக் கடைச் சாப்பாடு என்றால் தேத்தண்ணிக்கடைதான். கண்ணாடிப் பெட்டிக்குள் கடலை வடை, வாய்ப்பன், சிலவேளை போண்டா. அதையும் பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் வழக்கம். இருந்து சாப்பிடுகிறவர்கள் வயலுக்கு வந்த கூலியாட்களும் உழவு மெசின்காரரும். பள்ளிக்கூடப் பெடியன் ஒருவன் அந்த வாங்கில் குந்தினால், பொழுதுபட முன்னம் தாய்க்குச் சேதி போய்விடும்.

தொண்ணூறுகளில் வளர்ந்த எங்களுக்குப் பொருளாதாரத் தடை நன்றாகத் தெரியும், ஐஸ்கிறீம் தெரியாது. பெற்றோல், சீமெந்து, பற்றறி எதுவும் வவுனியா தாண்டி லேசில் வராது. மோட்டார் சைக்கிளுக்கு நாலு துளி பெற்றோல் காட்டி எழுப்பிவிட்டு, மிச்ச ஓட்டமெல்லாம் மண்ணெண்ணெயில். படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். கரண்டே இல்லாத ஊரில் குளிர்ப்பெட்டிக்கு எங்கே போவது? எங்கள் வகுப்பில் ஐஸ்கிறீமைப் பற்றி அதிகாரத்தோடு பேசக்கூடியவன் ஒருவன்தான். 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவன். நல்லூர்த் திருவிழாவில் குடித்ததாகச் சொல்வான். அப்போது அவனுக்கு ஐந்தாறு வயதுதான் இருக்கும் என்பதால் பாதியைத் தள்ளுபடி செய்துதான் கேட்போம்.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. 1996இல் ஆமி பிடித்து, 1998இல் புலிகள் இயக்கம் திரும்பப் பிடித்த கிளிநொச்சியில் அப்போது முழுக் கூரையோடு நின்ற கட்டிடம் அருமை. அந்த இடிபாடுகளுக்கு இடையில்தான் தெருவோரமாகக் கடைகள் முளைத்தன. அவற்றில் பேர்பெற்றது பாண்டியன் சுவையூற்று. இயக்கத்தின் வாணிபப் பகுதி நடத்தியது. வெளிநாட்டில் இருந்து வந்தவர்களும், தொண்டு நிறுவன வாகனங்களில் வந்தவர்களும், கொழும்பு பஸ்ஸில் இறங்கியவர்களும் அங்கேதான் சாப்பிட்டார்கள். எங்களைப் போன்றவர்களுக்கும் கட்டுப்படியாகும் விலை என்று கேள்விப்பட்டதும் பெடியளுக்கு நித்திரை போய்விட்டது.

2003ஆம் ஆண்டு, சித்திரை விடுமுறை. காலபோக அரிவு முடிந்த வயலில் கதிர் பொறுக்கி, சூட்டுக் களத்தில் சிந்தின நெல்லைக் கூட்டிப் புடைத்து விற்ற காசு கையில் இருந்தது. நாலு பேருக்கு இரண்டு சைக்கிள். ஒருவன் மிதிக்க, மற்றவன் பாரில் இருக்க, களைத்தால் இடம் மாறுவது. பன்னங்கண்டியால் போகிற பாதையில் புழுதி எழும்பித் தலைமயிர் செம்பட்டையாகிவிட்டது. கடைக்குள் நுழைய முதல் வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவி, ஒரே சீப்பால் நாலு பேரும் தலை இழுத்தோம்.

உள்ளே போய் மேசையில் இருந்த பிறகு யாருக்கும் பேச்சு வரவில்லை. சுவரில் சாமான்களின் பெயரும் விலையும் எழுதியிருந்தன. வீட்டில் அம்மா போட்டதைத் தின்போம். நிவாரணத்தில் சங்கக்கடை தந்ததைச் சமைப்போம். என்ன வேண்டும் என்று எங்களிடம் யாரும் அதுவரை கேட்டதே இல்லை.

"தம்பியவை, என்ன வேணும்?"

"அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ."

அந்தக் கொஞ்சம் கால் மணித்தியாலமானது. மசாலாத் தோசையா, கொத்துரொட்டியா என்று சண்டை. தோசை எங்களுக்குப் புதிதல்ல. அதற்குள் கிழங்குக் கறியை வைத்து மடிப்பார்கள் என்பதுதான் புதிது. கடைசியில் இரண்டு தோசை, இரண்டு கொத்து, நடுவில் வைத்து நாலாகப் பிரிப்பது என்று முடிவானது. காசைக் கூட்டிக் கழித்துப் பார்த்து ஐஸ்கிறீமுக்கு முதலே ஒதுக்கிவைத்துவிட்டோம்.

அது வந்ததும் யாழ்ப்பாணத்தான் வாத்தியாராகிவிட்டான். "கடிக்கக் கூடாதடா, நாக்கில வைச்சுக் கரைய விடு." சொல்லி வாய் மூடுவதற்குள் அவனே கடித்துப் பல்லுக் கூசிக் கண்ணைப் பொத்தினான். பக்கத்து மேசையில் இருந்த வெளிநாட்டுக் குடும்பம் சிரித்தது. அந்த வீட்டுச் சின்னப் பெட்டை தன் கிண்ணத்தில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழும்பிப் போனதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கொழும்பில் இருந்து வந்த ஒருவர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். அரசாங்கம் 1996இல் கடிகாரத்தை முன்தள்ளி வைத்தபோது இயக்கத்தின் கையில் இருந்த வன்னி அதை ஏற்கவில்லை. அதனால் எங்கள் நேரம் கொழும்புக்கு அரை மணி பிந்தியே ஓடியது. பரிமாறிய அண்ணை அதை அவருக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினார். எங்களிடம் வந்து, "வட்டக்கச்சியில இருந்தா? சைக்கிளிலயா? ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றார். எங்களுக்குப் பின்னால் ஆட்கள் இடம் பார்த்து நின்றார்கள். அவர் எங்களை எழுப்பவில்லை. சமாதானப் பேச்சுவார்த்தையைப் பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். எங்கள் வயதுக்குக் கிடைத்த சமாதானம் அந்த அண்ணையின் வாயால்தான் வந்தது என்று நான் சொல்வேன்.

2006 ஓகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு பாதை பூட்டப்பட்டது. 2009 ஜனவரி 2இல் ஆமி கிளிநொச்சிக்குள் வந்தபோது ஊர் சனமில்லாமல் கிடந்தது. நாங்களும் அதற்கு முன்பே கிழக்குப் பக்கமாக இடம்பெயர்ந்துவிட்டோம். சைக்கிள்கள் வழியிலேயே போயின. அந்த நாலு பேரில் இருவர்தான் இப்போது இருக்கிறோம்.

எங்களிடம் அப்போது கமெரா இல்லை. படம் எடுத்தவர்கள் லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் வந்து போனவர்கள்தான். அந்தக் கடை வாசலில் நின்று எடுத்த படம் ஏதும் உங்கள் அல்பத்தில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பின்னால் சைக்கிளோடு நிற்கிற பெடியளை மட்டும் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.