நாம் கோச்சி பார்த்த கதை

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எழுதியபொழுது, எம்மிடம் எழுதுவதற்கு யாது உளது என முதலில் மயங்கினோம். எம்முடன் ஒரே வாங்கில் இருந்து பயின்றோருள் வைத்தியர் உளர், பொறியியலாளர் உளர், நீதிமன்றத்திற் புகழீட்டினோர் உளர். அவர்கள் எழுதற்குரியன பல. நாமோ இங்கிலாந்தில் ஒரு நகரசபைக் கந்தோரிற் கணக்கெழுதி, 2013ஆம் ஆண்டில் இளைப்பாறி, அதன்பின் நீராவிப் புகைவண்டிகளைக் கமராவிற் படம் பிடிப்பதையே அலுவலாகக் கொண்டு திரிகின்றோம். "இந்த வயதிலை மழைக்குள்ளை நிண்டு கோச்சி பாக்கிறார்" என எம் இல்லாள் உறவினரிடம் கூறுவதுண்டு. அது பொய்யன்று. ஆதலின் அதனைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அதனுள் இதுகாறும் வெளியிற் சொல்லாத ஒன்றும் உண்டு.

கோச்சி என்ற மாத்திரத்தே எம் காலத்து மாணவர் யாவர்க்கும் கல்லூரிக்கு அப்பால் ஓடிய காங்கேசன்துறைப் பாதை நினைவுக்கு வரும். கொழும்பையும் வடகரையையும் 1905ஆம் ஆண்டில் இணைத்த பாதை அது. 1956ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் யாழ்தேவி ஓடத் தொடங்கியபொழுது நாம் கீழ்வகுப்பு மாணவர். கனடா தேசம் கொழும்புத் திட்டத்தின் கீழ் அளித்த டீசல் இயந்திரங்கள் அதற்குள் நாட்டுக்கு வந்துவிட்டன. புதுமை பார்க்க ஊர் திரண்டது. எமக்கும் எம் வகுப்புத் தோழர் ஒருவருக்கும் அதில் மனம் ஒட்டவில்லை. சீமெந்து மூடைகளை ஏற்றிய பெட்டிகளை இழுத்துக்கொண்டு, பெருமூச்செறிந்து, கரி மணக்க வரும் நீராவி இயந்திரமே எமக்கு இயந்திரம். தோழருக்கு அதற்குத் தக்க காரணமும் இருந்தது. அவருடைய தந்தையார் அவ்வியந்திரங்களை ஓட்டிய சாரதி.

பாடசாலை விட்டபின் தண்டவாளத்தில் ஒரு சதக் காசை வைத்து, வண்டி போனபின் தகடாகிய காசைப் பொறுக்குவது எமது விளையாட்டு. ஒருநாள் அதனை அறிந்த அப்பெரியார் எம் இருவரையும் திண்ணையில் இருத்தினார். அடிப்பார் என்று அஞ்சினோம். அடிக்கவில்லை. "தம்பியவை, கோச்சிக்குக் கண் இல்லை. கண் எனக்குத்தான் இருக்குது. நான் கண்டாலும் அது நிக்காது" என்று மட்டும் கூறினார். அவர் ஓட்டிய வண்டியின் முன் முன்னொருகால் ஒரு மனிதர் வந்து அகப்பட்டு மாண்டார் என்பதும், அதன்பின் அவர் உறக்கத்திலும் விசிலை இழுப்பவர் போலக் கையை உயர்த்துவார் என்பதும் தோழரின் தாயார் சொல்லப் பிறகு அறிந்தோம்.

நாம் இங்கிலாந்து வந்தது 1972ஆம் ஆண்டில். எமது ஊழைப் பாருங்கள்! நீராவி இயந்திரம் பிறந்த நாட்டிலேயே அரசாங்கப் புகையிரதச் சேவையின் கடைசி நீராவிப் பயணம் 1968ஆம் ஆண்டு ஆவணி 11ஆந் திகதி ஓடி முடிந்துவிட்டது. இலங்கை மலைப்பாதையில் ஏறிய கரட் இயந்திரங்களை ஆக்கிய மஞ்செஸ்டர் பேயர் பீக்கொக் தொழிற்சாலையும் 1966இல் மூடப்பட்டது. ஆயினும் ஆங்கிலேயர் பழைய பொருளை எளிதில் எறியாத மக்கள். கைவிடப்பட்ட கிளைப்பாதைகளைச் சங்கங்கள் விலைக்கு வாங்கி, துருப்பிடித்துக் கிடந்த இயந்திரங்களை மீட்டு, ஊதியம் பெறாத தொண்டர்களைக் கொண்டு ஓட்டினர். வங்கி முகாமையாளர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையிற் சாம்பல் வாரக் கண்டு நாம் வியந்ததுண்டு. அந்நாட்டுப் பாதை எமது பாதையினும் ஒடுங்கியது என்பதையும் கண்டு சிறிது பெருமிதங் கொண்டோம். அங்கே தண்டவாளங்களிடையே 4 அடி 8½ அங்குலம். எம்மூரில் 5 அடி 6 அங்குலம்.

இளைப்பாறிய மறுவருடம் கைக்கு வந்த பணத்தில் 4கே கமரா ஒன்று வாங்கினோம். ஒவ்வொரு படச்சட்டத்திலும் குறுக்கே 3840, நெடுக்கே 2160 என ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். அதற்கு முந்திய எச்டி கமராவிலும் நான்கு மடங்கு. பிரிதிறன் உயர்ந்தால் யாது நன்மை என வினவுவோர்க்குச் சொல்வோம்: தூரத்தே வரும் இயந்திரத்தின் இணைப்புத் தண்டில் எண்ணெய் மினுங்குவதும், கரியள்ளுவோன் நெற்றி துடைப்பதும் தெரியும். தீமையும் உண்டு. கை நடுங்கினால் அதுவும் தெரியும். கமராவின் உணரி மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதனால், ஓடும் வண்டியோடு கமராவை விரைந்து திருப்பினால் வழியில் நிற்கும் தூண்களெல்லாம் சரிந்து வீழ்வன போலத் தோன்றும். நீராவியின் வெண்மைக்கு ஒளியை அளந்தால் இயந்திரம் கரிக்கட்டியாகும்; இயந்திரத்துக்கு அளந்தால் நீராவி வெறும் வெள்ளைச் சுவராகும். இவ்விரண்டுக்கும் இடையே அல்லலுற்றே எமது முதலிரண்டு வருடமும் கழிந்தன.

குளிர்காலமே இதற்குரிய காலம். கோடையில் நீராவி வெளிவந்தவுடன் காற்றிற் கரைந்துவிடும். குளிரில் உறைந்து வெண்முகிலாய் வண்டியின் மேல் நெடுந்தூரம் கிடக்கும். இது பற்றியே செற்றில் - கார்லைல் பாதையில் ரிபிள்ஹெட் பாலத்தடியில், மாசி மாதத்து மழையில், குடையைக் கமராவுக்குப் பிடித்துத் தாம் நனையும் பித்தர் பலரைக் காணலாம். 24 வளைவுகளும் 104 அடி உயரமும் உடைய கற்பாலம் அது. அப்பாதை 1980களில் மூடப்பட இருந்து, மக்கள் கிளர்ச்சியால் 1989இல் தப்பிப் பிழைத்தது. பதினைந்து மைலுக்கு மேலாக நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றம். ஏற்றத்தில் வரும் இயந்திரம் கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிந்துவிடும். இரு சிலிண்டர் உடையதாயின் சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் நான்கு முழக்கம். பிளையிங் ஸ்கொட்ஸ்மன் போன்ற மூன்று சிலிண்டர் இயந்திரமாயின் ஆறு. தவிலடி கேட்டு வளர்ந்த காதுக்கு இவ்வேறுபாட்டை அறிதல் கடினமன்று. ஒலியே பாதிப் படம் என்பது எமது கொள்கை. 1950களில் பீற்றர் ஹான்ட்போட் என்பவர் இயந்திரங்களின் ஓசையை மட்டும் பதிந்து இசைத்தட்டுகளாக வெளியிட்டார். பின்னர் சினிமா ஒலிப்பதிவுக்கு ஒஸ்கார் பரிசும் பெற்றார். அத்தட்டுகளைக் கேட்டபின் விலையுயர்ந்த ஒலிவாங்கி ஒன்றையும், காற்று இரையாதிருக்க அதற்கு ஆட்டுரோமம் போன்ற உறையையும் வாங்கினோம். இல்லாள் அதனைப் பூனைக்குட்டி என்பார்.

லூமியர் சகோதரர் 1896இல் காட்டிய, புகைவண்டி நிலையத்துள் வரும் அரிய படம் ஒரு நிமிடமும் ஓடாதது. 2020இல் ஒருவர் கணினியின் துணைகொண்டு அதனை 4கே ஆக்கினார். பலர் போற்றினர். எமக்கு அது உடன்பாடன்று. கமரா காணாத புள்ளிகளைக் கணினி ஊகித்து இட்டால் அது படமாகாது, கற்பனையாகும். நிற்க.

2016ஆம் ஆண்டு மாசி 25ஆந் திகதி, பல ஆண்டுத் திருத்த வேலையின் பின் பிளையிங் ஸ்கொட்ஸ்மன் லண்டனிலிருந்து யோர்க் நகருக்கு ஓடியது. வழியில் மக்கள் பாதைக்குள் இறங்கிப் படம் பிடித்தமையால் வண்டி இடையில் நிறுத்தப்பட்டது. தொலைக்காட்சியில் அதனைக் கண்ட நாம், "அறிவு கெட்ட கூட்டம்" என்று உரக்க வைதோம். எம் இல்லாள் அதற்குச் சாட்சி.

அவ்வாண்டு ஐப்பசியில் நாமும் அதனையே செய்தோம்.

இடத்தின் பெயர் வேண்டியதில்லை. சங்கம் ஒன்று நடத்தும் பாதை, காட்டோரத்து ஏற்றம், பொன்வெயில் சாயும் மாலை. இரண்டு மணித்தியாலம் காத்து நின்றோம். எமக்கும் பாதைக்கும் இடையே ஆடு புகாதிருக்க இட்ட வேலி ஒன்று. அதன்மேற் படர்ந்த செடி சட்டத்தின் கீழ்ப்பாதியை மறைத்தது. வண்டி தூரத்தே ஊதியது. வேலி இடுப்பளவுதான். தாண்டினோம். தண்டவாளத்துக்கு நான்கு முழத்துள் முக்காலியை ஊன்றினோம். அறுபத்தெட்டு வயது மனிதர், கணக்காளர், பேரப்பிள்ளை உடையவர்.

இயந்திரம் வளைவிற் திரும்பியது. நான்கு நான்காய் விழுந்த முழக்கம் சட்டென அற்றது. நீண்ட ஊதல், பிரேக்கின் கிறீச்சொலி. நாம் பின்னடைந்து வேலியிற் சாய்ந்தோம். கமரா நின்ற இடத்திலேயே நின்றது. சாரதி சாளரத்தால் உடல் பாதி வெளிவர எம்மைப் பார்த்தபடி மெல்லக் கடந்தார். பின்பு மீண்டும் நீராவியைத் திறக்க, ஈரச் சருகிற் சக்கரம் வழுக்கிச் சுழன்று, ஒருவாறு பற்றிக்கொண்டு, வண்டி ஏறிப் போயிற்று. எவருக்கும் ஊறில்லை.

வீட்டில் அதனைத் திரையிலிட்டபொழுது, நாம் எடுத்தவற்றுள் அதனிலும் அழகிய படம் இல்லை என்று கண்டோம். உண்மையும் அதுவே. முழக்கம் அறுமுன் உள்ள பகுதியை மட்டும் வெட்டி, லண்டனில் நடந்த பழைய மாணவர் இராப்போசனத்திற் காட்டினோம். எல்லோரும் கைதட்டினர். அக்கைதட்டலை ஏற்றுக்கொண்டோம்.

தோழருக்குப் படங்கள் அனுப்புவது எமது வழக்கம். அவர் ஊரைவிட்டு வெளியேறியவரல்லர். 1990இல் வண்டி நின்றதையும், தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையானதையும் கண்ணாற் கண்டவர். பாதையிருந்த இடத்திற் பற்றை மண்டியிருந்த காலமெல்லாம் அவ்வழியே நடந்து திரிந்தவர். எமது படங்கள் அவருக்கு ஓர் ஆறுதல் என்று நம்பியிருந்தோம். அம்முறை அவசரத்தில் வெட்டிய பகுதிக்குப் பதிலாக முழுப்படத்தையும் அனுப்பிவிட்டோம்.

இரண்டு நாளின்பின் தொலைபேசியில் வந்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"மச்சான், நீ எங்கை நிண்டனி?"

நாம் வாளாவிருந்தோம்.

"றெகுலேற்றரை ஏன் பூட்டினவன்? ஏத்தத்திலை ஒருத்தனும் பூட்டான்."

சாரதியின் மைந்தர் அல்லரோ! நாம் அழகென்று எண்ணியதை அவர் பார்க்கவேயில்லை, கேட்டிருக்கின்றார். பொய் சொல்ல வாய் எழவில்லை. வேலியைத் தாண்டினோம் என்று ஒப்புக்கொண்டோம். அவர் வையவில்லை. பேரனைக் கொண்டு படத்தை நிறுத்தி, சாரதியின் முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்ததாகக் கூறினார். நாமும் உடனே அவ்வாறு செய்தோம். அதுவரை அம்முகத்தை நாம் பெரிதாக்கிப் பார்த்ததில்லை, சக்கரங்களையே பார்த்திருந்தோம். வாய் திறந்தபடி, கண் இமையாது, கரி படிந்த கன்னத்தோடு, எம்மை முன்பின் அறியாத ஒரு மனிதர். ஒவ்வொரு மயிரும் தெரிந்தது.

"ஐயா அண்டைக்கு வீட்டை வந்து முத்தத்திலை இப்பிடித்தான் நிண்டவர்" என்றார் தோழர்.

தந்தையாரின் படம் ஒன்றுதானும் அவரிடம் இல்லை. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது விட்டுச் சென்ற வீட்டோடு யாவும் போயின. அக்காட்சியை அழிக்கப் போவதாக நாம் கூறினோம். அழிக்க வேண்டாம் என்றும், தம்மிடமுள்ள பிரதியைத் தாம் வைத்துக்கொள்ளப் போவதாகவும் அவர் சொன்னார். ஏன் என்று நாம் கேட்கவில்லை.

குற்றத்தை ஒப்பி அச்சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினோம். கடிதம் சாரதியிடம் காட்டப்பட்டது என இரண்டு வரியிற் பதில் வந்தது. அதன்பின் எமது படங்களின் கீழோரத்தில் செடியும் வேலிக்கம்பியும் தோன்றுவதைக் கண்ட நண்பர் சிலர், கிழவருக்குச் சட்டம் அமைக்கத் தெரியாது போயிற்று என்பர்.

2019ஆம் ஆண்டில் ஊருக்குச் சென்றோம். 2014இல் யாழ்ப்பாணத்துக்கும் மறுவருடம் காங்கேசன்துறைக்கும் வண்டி திரும்பி வந்துவிட்டமை யாவரும் அறிந்ததே. கல்லூரியைப் பார்த்துவிட்டு, மாலையில் தோழரும் நாமும் பழைய கடவைக்கு நடந்தோம். கமரா கழுத்தில் தொங்கியது. கொழும்பு வண்டி வரும் நேரம், டீசல்தான். படலை சாத்தப்பட்டது. நாம் படலைக்கு வெளியேதான் நின்றோம், நன்றாக வெளியே. இருந்தும் தோழர் எமது சட்டைக் கையைப் பற்றி இழுத்தார்.

"இன்னும் ரெண்டடி பின்னாலை வா" என்றார்.