கடல் கடந்த குடித்தனம்

ஒரு காலத்தில் அந்தமான் என்றாலே நம் வீடுகளில் தீவாந்தர சிக்ஷை என்றுதான் அர்த்தம். அங்கே போனவர் திரும்புவதில்லை என்பது பாட்டிமார்களின் தீர்ப்பு. இன்றோ கடற்படையிலும் விமானப் படையிலும் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளுக்கு அத்தீவுகளுக்கு மாற்றல் உத்தரவு வருகிறது. 2001-ஆம் ஆண்டில் முப்படைகளுக்கும் பொதுவான தலைமையகம் ஒன்று அங்கே ஏற்பட்டது முதல் இது சாதாரண விஷயமாகிவிட்டது. உத்தரவு புருஷனுக்கு, ஆகையால் அவன் யோசிக்க வேண்டியது ஒன்றுமில்லை. யோசிக்க வேண்டியவள் மனைவி. கூடப் போவதா, குழந்தைகளுடன் பிறந்தகத்தில் இருந்துவிடுவதா?

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேருக்குப் போகிறவர்களுக்கு இக்கேள்வி அவ்வளவு கடினமானதன்று. அங்கே கல்லூரிகள் உண்டு. கடற்படையின் தன்வந்தரி வைத்தியசாலை உண்டு. கடைத்தெருவில் தமிழுக்குப் பஞ்சமில்லை. அதற்கும் தெற்கே 300 மைலுக்கு அப்பால், பெரிய நிக்கோபார்த் தீவிலுள்ள காம்பெல் பேதான் மனத்தைச் சோதிக்கிற இடம். அத்தீவின் தென்கோடியிலிருந்து சுமத்ரா சுமார் 100 மைல்தான். 2012 ஜூலையில் அங்கே கடற்படையின் 'பாஜ்' விமானத் தளம் திறக்கப்பட்டது.

நாம் கப்பலில் போய்ச் சேர்ந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. இதில் அதிசயமில்லை, இரண்டு பருவக்காற்றும் அங்கே மழை பெய்விக்கின்றன. மழை விட்டபின் கண்ட பசுமையை வர்ணிக்கப் புகுந்தால் இடம் போதாது. ஆனால் குடித்தனம் செய்யப் போகிறவள் கடற்கரைப் படங்களைக் கண்டு மயங்கி முடிவு செய்யலாகாது என்பது நம் அபிப்பிராயம். அழகு முதல் மாதத்தில் பழகிவிடும். கடிகாரம் நம்முடையதே ஆனாலும் அங்கே மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு நீண்டு கிடக்கும் இரவை என்ன செய்வது என்பது படத்தில் தெரியாது.

திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த மாலுமி ஒருவரின் மனைவி நம் வீட்டு அம்மாளிடம் சொன்னார்: "அக்கா, இங்கே யாரும் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, கப்பல் வரும் நாளைத்தான் பார்க்கிறோம். கடல் கொந்தளித்தால் உருளைக்கிழங்கும் இல்லை, வெங்காயமும் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. குழந்தைக்கு ஜுரம் வந்த ராத்திரிதான் ஊர் எவ்வளவு தூரம் என்று தெரியும்."

அவர் சொன்னது வாஸ்தவம். காம்பெல் பேயில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. ஆனால் கடுமையான வியாதி என்றால் போர்ட் பிளேருக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ஹெலிகாப்டர் பறப்பது ஆகாயத்தின் தயவைப் பொறுத்தது. பிரசவ காலத்தை எண்ணியிருக்கும் பெண்ணும், ஓயாமல் மருந்து தேவைப்படும் குழந்தையின் தாயும் இதைத்தான் முதலில் எடை போட வேண்டும். மற்றக் குறைகள் நாளடைவில் குறைந்து வருகின்றன. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வந்து சேர்ந்தபின், தாயாருடன் முகம் பார்த்துப் பேசுவது முன்போல் அபூர்வமாக இல்லை.

இன்னொன்றையும் மறைப்பது தர்மமன்று. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் பூமி நடுங்கியது. வழியிலுள்ள கார் நிக்கோபாரில் கடலோரமாக இருந்த விமானப் படைத் தளத்தின் குடியிருப்புக்குள் கடல் புகுந்தது. படையினரும் அவர்கள் மனைவி மக்களுமாக நூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையில் நிலமே பல அடி தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தின் அடிப்பாகம் நீரில் நின்றது. கார் நிக்கோபாரில் மாண்ட பெண்களும் ஒரு நாள் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு, "போகலாம்" என்று பதில் சொன்னவர்களாகத்தானே இருக்க வேண்டும்?

அப்படியானால் போகக்கூடாதா? நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். படையிலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய்களை 1969 முதல் சர்க்கார் அத்தீவில் குடியேற்றியது. பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், தமிழ்நாடு எனப் பல பிரதேசங்களிலிருந்து சுமார் 330 குடும்பங்கள் போயின. காட்டை வெட்டி, தென்னை வைத்து, கீழைக்கரையில் ஊர்களை உண்டாக்கினார்கள். அவர்களுடைய மனைவிமார்களுக்கு இரண்டு மூன்று வருஷங்களில் திரும்பலாம் என்ற ஆறுதலும் கிடையாது. கோதுமை ரொட்டி தட்டிய கை தேங்காய் துருவக் கற்றுக்கொண்டது. இன்று மாற்றலாகிப் போகும் இளம் பெண்ணுக்குப் பக்கத்து வீட்டில் யாராவது இருக்கிறார்கள் என்றால், அது அக்குடும்பங்களின் உபயம்.

ஆகவே குழந்தைகள் சின்ன வகுப்பில் இருந்து, உடம்பும் திடமாயிருந்தால் போவதே நல்லது. கணவனை வருஷக்கணக்கில் படத்தில் மட்டும் பார்த்து வளரும் குழந்தைக்கு அந்த நஷ்டத்தை யாரும் ஈடு செய்ய முடியாது. பையன் பத்தாம் வகுப்பை நெருங்கினாலும், மாமியார் படுக்கையில் இருந்தாலும் தங்கிவிடுவதில் தவறில்லை. அதற்காக அவளை யாரும் குறை சொல்லவும் வேண்டாம். சொந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு வரும் பெண்ணிடம், "அங்கே பொழுது போகுமா?" என்று கேட்பதைவிட, "திரும்பி வந்தால் வேலை கிடைக்குமா?" என்று கணவன் கேட்டால் அழகாயிருக்கும்.

போவதென்று தீர்மானித்தவர்கள் ஆறு மாதத்துக்குப் புளியும் மிளகாய்த்தூளும் கட்டிக்கொள்ளட்டும். ஈரத்தில் பூசணம் பிடிக்குமாதலால், எல்லாவற்றையும் இறுக மூடும் டப்பாக்களில் போட வேண்டும். பட்டுப்புடவைகளைத் தாயார் வீட்டிலேயே விட்டுச் செல்வது உசிதம்.