போதகர் கண்ட பொறி



இந்த வாரம் நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு உங்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேன். இன்று காவலர் தோளில் தொங்கும் துப்பாக்கி அன்று. வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, குண்டை இறக்கிக் கெட்டித்து, கடைசியாகச் செம்பினாலான சின்னஞ்சிறு தொப்பி ஒன்றைப் பொருத்திச் சுடுகிற பழைய துப்பாக்கி. வாலிபர் கூடுகையில் இதைச் சொல்லத் தொடங்கியபோது ஒரு தம்பி, "ஐயா, போதகருக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சம்பந்தம் உண்டு. அந்தச் செம்புத் தொப்பிக்கு வழி திறந்தவரே ஒரு போதகர்தான்.

ஸ்காட்லாந்தில் அபர்தீன் நகருக்கு அருகே பெல்ஹெல்வி என்னும் கடலோரச் சிற்றூர் இருக்கிறது. அங்கே 1768இல் பிறந்தவர் அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத். அவருடைய தகப்பனார் அந்த ஊர்ச் சபையின் போதகர். தகப்பனார் மறைந்தபின், 1791இல் மகன் அதே பொறுப்பை ஏற்றார். பிரசங்கமும் சபைப் பணியும் போக, அவருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று இரசாயனம், மற்றொன்று நீர்ப்பறவை வேட்டை. நம் மணிமுத்தாற்றில் தண்ணீர் வரும் காலங்களில் கொக்கும் நாரையும் இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவருடைய ஊரில் காட்டு வாத்துகள் இறங்கும். அக்காலத்துத் துப்பாக்கி சக்கிமுக்கிக் கல்லால் இயங்கியது. விசையை இழுத்தால் கல் எஃகில் உரசும்; தீப்பொறி பறந்து, வெளியே ஒரு சிறு கிண்ணத்தில் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும்; அந்தத் தீ ஒரு துளைவழியாக உள்ளே சென்று, அதன் பிறகுதான் குண்டு புறப்படும். இத்தனைக்கும் கண் இமைக்கும் நேரம்தான் ஆகும். ஆனால் வாத்துக்கு அதுவே போதும். வெளியே மின்னும் ஒளியைக் கண்டதும் அது தண்ணீருக்குள் முங்கிவிடும்.

அந்த ஒளியை மறைக்க வேண்டும் என்று போதகர் முயன்றார். அடித்தாலே வெடிக்கும் உப்புகளைப் பற்றி அறிஞர்கள் அப்போதுதான் எழுதத் தொடங்கியிருந்தார்கள். பாதரச ஃபல்மினேட்டைப் பற்றி எட்வர்ட் ஹோவர்ட் 1800இல் வெளியிட்டிருந்தார். இத்தகைய உப்பைச் சிறிதளவு வைத்து ஒரு சுத்தியலால் அடித்தால், வெளியே தீ தெரியாமல் உள்ளிருக்கும் மருந்து நொடியில் பற்றிக்கொள்ளும் என்று ஃபோர்சைத் கண்டார். 1806இல் லண்டன் கோபுரக் கோட்டையில் அரசுக்காக உழைக்க அவர் அழைக்கப்பட்டார். ஆதரவு தந்த அதிகாரி மொய்ரா பிரபு. பிற்காலத்தில் 1813இல் நம் நாட்டுக்குத் தலைமை ஆளுநராக வந்த அதே மொய்ராதான். அவர் பதவி மாறியதும் புதிதாக வந்தவர் போதகரை வெளியே அனுப்பிவிட்டார். 1807இல் ஃபோர்சைத் காப்புரிமை பெற்றார். நெப்போலியன் 20,000 பவுன் தருவதாகச் சொல்லியும் அவர் மறுத்துவிட்டார் என்று சொல்வதுண்டு. ஊர் திரும்பிய அவர், 1843இல் இறக்கும்வரை பெல்ஹெல்வியின் போதகராகவே இருந்தார். ஒரே சபையில் ஐம்பத்திரண்டு ஆண்டுகள்! ஊழியக்காரனாகிய எனக்கு அந்தக் காப்புரிமையைவிட இந்த எண்ணிக்கையே பெரிதாகத் தெரிகிறது.

அவர் திறந்த வழியில் மற்றவர்கள் நடந்தார்கள். அடித்தால் வெடிக்கும் அந்த உப்பைச் செம்புத் தொப்பிக்குள் அடைக்கும் வழக்கம் சில ஆண்டுகளில் வந்தது. 1836இல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் சுழல்துப்பாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் வந்த அவ்வகைத் துப்பாக்கியை நிரப்பும் முறையைக் கேளுங்கள். முதலில் சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் உருளை தடையின்றிச் சுழலும். ஓர் அறையில் அளந்த மருந்தைக் கொட்டி, அதன்மேல் அறையின் வாயைவிடச் சற்றே பெரிய ஈயக்குண்டை வைத்து, குழலுக்கு அடியிலுள்ள நெம்புகோலால் அழுத்துவார்கள். குண்டு உள்ளே இறங்கும்போது ஈயம் மெல்லிய வளையமாகச் சீவி வெளியே விழும். அப்படி விழுந்தால்தான் அறை இறுக அடைபட்டது என்று பொருள். அதன்மேல் கொழுப்பைத் தடவுவார்கள். இப்படியே அறை அறையாக நிரப்பி, எல்லாம் முடிந்த பிறகே பின்புறத்துக் காம்புகளில் தொப்பிகளைப் பொருத்துவார்கள். ஆறு அறைகள் இருந்தாலும் அறிவுள்ளவன் ஐந்தைத்தான் நிரப்புவான். சுத்தியலுக்கு நேரே உள்ள அறை காலியாக இருக்கும். கீழே தவறி விழுந்தாலும் யார் உயிரும் போகாது.

கொழுப்பு தடவுவதற்கும் ஒரு காரணம் உண்டு. குண்டு சரியாக அடைக்காமலோ தொப்பி தளர்வாகவோ இருந்தால், ஓர் அறையில் எழும் தீ பக்கத்து அறைக்குத் தாவி, குழலுக்கு நேரே இல்லாத அறைகளும் சேர்ந்து வெடித்துவிடும். சுட்டவனின் கையே சிதைந்துபோவதும் உண்டு. (கொழுப்பு என்றதும் 1857 உங்கள் நினைவுக்கு வரலாம். அது என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாத் தாளில் தடவிய கொழுப்பைப் பற்றிய கலகம். அந்தத் துப்பாக்கியும் செம்புத் தொப்பியால் இயங்கியதுதான்.) ஒரு வீட்டில் அண்ணன் தம்பிக்குள் எழுந்த வாக்குவாதம், அதோடு தொடர்பே இல்லாத மாமியார் மருமகளிடம் தாவி, மாலைக்குள் தெரு முழுவதும் வெடித்ததை இருபது ஆண்டுகளாக இந்த ஊழியத்தில் பார்த்துவருகிறேன். யாருடைய வீடு என்று நான் எழுதவில்லை; நீங்களும் தேட வேண்டாம்.

பீங்கான் ஊராகிய விருத்தாசலத்தில் வாழும் நமக்கு நெருப்பின் குணம் தெரியும். சூளையில் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றவேண்டும். அவசரப்பட்டால் பொம்மை வெடித்துப்போகும். கருமருந்து இதற்கு நேர்மாறு. அதில் ஏறக்குறைய முக்கால் பங்கு வெடியுப்பு. மீதி கரியும் கந்தகமும். எரிவதற்கு வேண்டிய காற்றை வெடியுப்பே தன்னுள் வைத்திருப்பதால், இறுக அடைத்த குழலுக்குள்ளும் அது எரியும். எரிந்ததில் ஒரு பங்கு கசடாகத் தங்கும். அந்தக் கசடு ஈரத்தை இழுக்கும். ஈரம் இரும்பைத் தின்னும். ஆகவே சுட்ட அன்றே வெந்நீரும் சவுக்காரமும் கொண்டு குழலைக் கழுவித் துடைத்து எண்ணெய் இட வேண்டும். நாளைக்கு என்று தள்ளிவைக்க முடியாது.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்ததைவிட, ஒரு நரிக்குறவர் பெரியவர் சொல்லக் கேட்டபோது நன்றாக விளங்கியது. அவர் வைத்திருப்பது உரிமம் பெற்ற ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. மருந்தைக் கொட்டி, தேங்காய் நாரை உருட்டி வைத்துக் கம்பியால் கெட்டித்து, ரவையைப் போட்டு, மறுபடியும் நார் வைத்துக் கெட்டித்து, கடைசியில் கேப் வைப்பது அவர் வழக்கம். "சாமி, மருந்துக்கும் அடைப்புக்கும் நடுவுல இடுக்கு விடக் கூடாது. விட்டா குழலு கிழிஞ்சு நம்ம மூஞ்சிலதான் அடிக்கும்" என்றார். கம்பியில் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறார். உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்பதைக் கம்பியை இறக்கி அந்தக் கோட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார். ஸ்காட்லாந்துப் போதகரைப் பற்றி அவரிடம் சொன்னேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அந்தச் சாமி தின்னத்தான் சுட்டாரா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் அகப்படவில்லை. 1841 மே மாதம் 30ஆம் நாள், சீனாவில் கான்டன் நகருக்கு வெளியே, மதராஸ் 37ஆம் காலாட்படையைச் சேர்ந்த ஒரு சிறு பிரிவு கடும் மழையில் வழிதவறிச் சூழப்பட்டது. அவர்கள் கையில் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். நனைந்த மருந்து பற்றவில்லை. செம்புத் தொப்பித் துப்பாக்கி ஏந்திய கடற்படை வீரர்கள் தேடிச் சென்றே அவர்களை மீட்டார்கள். நம் மாகாணத்துச் சிப்பாய்கள் வீடு திரும்ப வழி செய்தது போதகரின் கண்டுபிடிப்பு. அந்தப் போரோ அபினி வியாபாரத்துக்காக நடந்தது. மீட்கப்பட்ட சிப்பாயின் தாய் நன்றி சொல்லியிருப்பாள். அபினியால் குடும்பம் அழிந்த சீனத் தாய் என்ன சொல்லியிருப்பாள்? பெல்ஹெல்வியில் ஒவ்வொரு வாரமும் பிரசங்கித்துக்கொண்டிருந்தவரின் காதுக்கு இந்தச் செய்தி எட்டியதா என்பதைவிட, எட்டியிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை எந்த வேதப்பகுதியை எடுத்திருப்பார் என்பதே என்னை அதிகம் உறுத்துகிறது. அவரைக் குற்றவாளி என்று சொல்ல எனக்கு மனமில்லை. வாத்துக்காகச் செய்தேன் என்று அவர் விலகிக்கொள்ளவும் முடியாது. கோட்டைக்குப் போய் அரசுக்காக உழைத்தவர் அவரே.

பெரியவர் தின்னத்தான் சுட்டார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அந்தப் பிழைப்புக்கும் வழி அடைபட்டது. சட்டம் நல்லதுதான், காட்டை அழித்த கை அவர்களுடையது அன்று என்பதும் உண்மைதான். வேட்டை போனபின் ஊசியும் பாசிமணியும் மிஞ்சின. நரிக்குறவரையும் குருவிக்காரரையும் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அன்பானவர்களே, சென்ற மாதம் அவருடைய குடும்பம் நம் ஆராதனைக்கு வந்தது. கடைசி வரிசையில் நால்வரும் அமர்ந்தார்கள். அந்த நீண்ட இருக்கையில் அவர்களைத் தவிர வேறு ஒருவரும் உட்காரவில்லை. முன்வரிசைகளில் நால்வர் இடத்தில் அறுவர் நெருக்கிக்கொண்டிருந்ததைப் பிரசங்க மேடையிலிருந்து பார்த்தேன். தற்செயலாக அப்படி அமைந்தது என்று எண்ண எனக்கும் ஆசைதான்.

தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். சென்ற முறை அவர் எண்ணெய் தடவிக் கொடுத்த துப்பாக்கி, திரும்பி வரும்போது விசையருகே துரு பிடித்திருந்தது. இப்போது மாலை நேரங்களில் தேங்காய் எண்ணெயும் துணியுமாக அதைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வேலை முடிந்தால் இந்த ஞாயிறு வருவதாகச் சொன்னார். ஆராதனை ஒன்பது மணிக்கு. அந்தக் கடைசி வரிசையில் இன்னும் ஐந்து பேர் உட்கார இடம் இருக்கிறது.