மூன்று முறை மணி அடித்து



2025ஆம் ஆண்டுச் சித்திரை மாதம். ரியாத்தில் பணிபுரியும் நமது தம்பி, விருதுநகரிலுள்ள நம் வீட்டிற்கு இரண்டு ஏ.சி.களை அனுப்பிவைத்தார். ஒன்று கீழே தாயாரின் அறைக்கு. மற்றொன்று மாடியில் தம்பியின் மனைவியும் பிள்ளைகளும் உறங்கும் அறைக்கு. பொருத்த வந்த இளைஞர் சுவரில் துளையிட்டு, செம்புக் குழாய்களை இழுத்து, வெளி யூனிட்டைச் சந்துப் பக்கம் மாட்டி முடித்த பின் நமது கைபேசியைக் கேட்டார். அதில் ஒரு செயலியை இறக்கி, வீட்டு வைஃபையோடு இணைத்து, ரியாத்திலிருந்த தம்பிக்கும் அதன் உரிமையைப் பகிர்ந்தளித்தார். அடுத்த நிமிடமே தாயாரின் அறையில் ஏ.சி. தானாக இயங்கியது. கைபேசித் திரையில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊர் வெயிலை அறிந்தவர்களுக்கு அந்தச் சிரிப்பின் பொருள் விளங்கும். பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இஷாத் தொழுகைக்குப் பின்னரே அதைத் திருப்பித் தரத் தொடங்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் கீழே தள்ளும். இந்த வறண்ட காற்றுதான் பக்கத்துச் சிவகாசியில் தீப்பெட்டியையும் பட்டாசையும் வளர்த்தது. அதே காற்றில்தான் எழுபது வயதைக் கடந்த, இரத்த அழுத்தம் உள்ள ஒரு மூதாட்டி உறங்கவும் வேண்டும். ஏ.சி.யை ஆடம்பரம் என்று மேடையில் கண்டிக்கும் சகோதரர்களுடன் நமக்கு உடன்பாடில்லை. கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையையே வெயில் தணியும் வரை பிற்படுத்த வழிகாட்டிய மார்க்கம் இது.

ஆனால் தாயார் அதைப் போடமாட்டார். "காத்தாடி போதும்ப்பா, கரண்டு காசு யாரு கட்டுறது" என்பார். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதும், 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும் என்பதும் பள்ளிக்கூடம் போகாத தாயாருக்கு மனப்பாடம். தம்பிக்கோ தாயாரின் சிக்கனம் மனப்பாடம். நமக்குப் பிற்பகல் 2.30 ஆகும்போது ரியாத்தில் 12 மணி. உணவு இடைவேளையில் அவர் செயலியைத் திறப்பார். தாயாரின் அறையில் 35 டிகிரி என்று காட்டும். விரலால் ஒரு தொடு. இங்கே 'பீப்' என்று ஓர் ஒலி எழும்பி, பச்சை விளக்கு எரிந்து, வாய் திறந்து குளிர் இறங்கும். முதல் நாள் தாயார் பயந்து பிஸ்மில்லாஹ் சொன்னார். பத்து நாள் கழித்து, அந்த ஒலி கேட்டவுடன் "வஅலைக்கும் ஸலாம்" என்று பதில் சொல்லத் தொடங்கிவிட்டார். மகன் வந்துவிட்டான் என்று பொருள்.

வீட்டில் அனைவரும் இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம். நாமும் ஜமாஅத்தில் பலரிடம் சொன்னோம்.

அக்னி நட்சத்திரத்தின் நடுவில் ஒரு நாள், தஹஜ்ஜுத் நேரத்தில் தாயாரின் அறைக் கதவைத் தட்டினோம். பதில் மெதுவாக வந்தது. உள்ளே போனால் உடல் சில்லிட்டது. ஏ.சி.யில் 18 என்று எண் எரிந்துகொண்டிருந்தது. தாயார் கம்பளியைப் போர்த்தி, அதன் மேல் தொழுகைத் துப்பட்டியையும் போர்த்தி, முழங்கால்களை மார்போடு சேர்த்துச் சுருண்டு அமர்ந்திருந்தார். முந்திய இரவு வேலையிலிருந்து திரும்பிய தம்பி, ஊரில் 41 டிகிரி என்ற செய்தியைப் பார்த்துப் பதறிப்போய்க் குளிரைக் கூட்டி வைத்துவிட்டு, களைப்பில் உறங்கிவிட்டார். ரிமோட் தாயாரின் தலையணை அருகிலேயே இருந்தது.

"அணைச்சிருக்கலாமேம்மா?"

"அவன் போட்டதுப்பா. அணைச்சா அங்க அவனுக்குத் தெரியும்ல. மனசு கஷ்டப்படுவான்."

இரண்டு வாரம் முழங்கால் வலியால் தாயார் நாற்காலியில் அமர்ந்தே தொழுதார். தம்பியிடம் சொல்லக்கூடாது என்று எங்களிடம் வாக்கும் வாங்கிக்கொண்டார்.

மாடியில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. அதை நமது மனைவி மூலமே அறிந்தோம். அந்தச் செயலி எத்தனை மணிக்கு ஏ.சி. போடப்பட்டது, எத்தனை மணிக்கு நிறுத்தப்பட்டது, எத்தனை யூனிட் செலவாயிற்று என்று படம் வரைந்து காட்டும். "நேத்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் யாரு முழிச்சிருந்தா?", "மதியம் மூணு மணி நேரம் ஓடிருக்கே, தூங்கினியா?" என்று தம்பி அக்கறையாகத்தான் கேட்டிருக்கிறார். அந்தப் பெண் ஒரு மாதம் பொறுத்தார். பிறகு மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, பிள்ளைகளோடு வியர்வையில் படுக்கத் தொடங்கினார். "அக்கா, ரூமுக்குள்ள யாரோ உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கிற மாதிரி இருக்கு" என்று நமது மனைவியிடம் சொன்னாராம். அந்த 'யாரோ', அவரை உயிராக நேசிக்கும் கணவர்.

இது நம் வீட்டில் மட்டும் நேர்ந்ததன்று. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கருவிகளைக் கைபேசியில் இணைக்கும் வழக்கம் நமக்கு முன்பே பரவியது. வீட்டை விட்டுப் பிரிந்த கணவரோ துணைவரோ தொலைவிலிருந்தபடியே அக்கருவிகளை இயக்கிப் பெண்களை அச்சுறுத்திய நிகழ்வுகளை 2018 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் ஏடு விரிவாக எழுதியது. நம் தம்பி அத்தகையவர் அல்லர். ஆனால் தீய நோக்கம் உள்ளவரின் கையிலும் அன்புள்ளவரின் கையிலும் இருப்பது ஒரே செயலிதான்.

அந்த வாரம் மதரஸாவில் மூத்த மாணவர்களுக்கு அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை விளக்கும் முறை நமக்கு வந்தது. வீட்டிலேயே வாழும் பணியாளர்களும், பருவமடையாத சிறுவர்களும்கூட, மூன்று நேரங்களில் அனுமதி பெற்றே அறைக்குள் வர வேண்டும் என்பது அதன் கருத்து. ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஆடை தளர்த்தி ஓய்வெடுக்கும்போது, இஷாவுக்குப் பின். பருவமடைந்துவிட்டால் எல்லா நேரத்திலும் அனுமதி கேட்க வேண்டும் என்பதை அடுத்த வசனம் கூறும். இருபது ஆண்டுகளாக இதை ஓதிக்கொடுக்கிறோம். அன்று கரும்பலகையில் மூன்று நேரங்களையும் வரிசையாக எழுதியபோது கை நின்றுவிட்டது. ஏ.சி. ஓடும் நேரங்களும் அவை மூன்றுதாம். செயலி வரைந்து காட்டும் படத்தில் உயர்ந்து நிற்கும் கோடுகளும் அவை மூன்றுதாம்.

தாயாரிடம் செல்லவும் அனுமதி கேட்க வேண்டுமா என்று ஒரு மனிதர் நபி (ஸல்) அவர்களிடம் வினவிய செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் உள்ளது. ஆம் என்றார்கள். நான் அவருடன் ஒரே வீட்டில் வசிக்கிறேனே என்றார். அப்போதும் அனுமதி கேட்கும்படியே கூறினார்கள். நானே அவருக்குப் பணிவிடை செய்பவன் ஆயிற்றே என்றார். அப்போதும் அதே விடைதான். அந்த மூன்றாம் கேள்வியில் நம் தம்பியின் குரலைக் கேட்டோம்.

ஜும்ஆ நாளில் அவரை அழைத்தோம். முழங்கால் வலியைச் சொல்லவில்லை, வாக்கு இருந்தது. மாடியில் அணைந்துகிடக்கும் மெயின் சுவிட்சைச் சொன்னோம். வசனத்தையும் முவத்தாவின் செய்தியையும் சொன்னோம். அந்தப் பக்கம் நீண்ட நேரம் ஒலியில்லை.

"அண்ணே, அத்தா ஜனாஸாவுக்கு எனக்கு டிக்கெட் கிடைக்கல. வந்து சேந்தப்ப ரெண்டு நாள் ஆயிருச்சு. என் கையால அந்த வீட்டுல நடக்குறது இது ஒண்ணுதாண்ணே."

ஓதிக்கொடுப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் விடை இருக்கும் என்று ஊரார் எண்ணுகிறார்கள். அன்று நம்மிடம் ஒன்றும் இல்லை. "நீ செய்யாதேன்னு சொல்லலப்பா, கேட்டுட்டுச் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தோம்.

இதோடு முடிந்திருக்கலாம். ஜூன் 7இல் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. குர்பானி இறைச்சியில் ஒரு பங்கைப் பக்கத்து வீட்டிற்குக் கொடுத்துவரச் சென்ற நமது மனைவி முகம் வாடித் திரும்பினார்.

பக்கத்து வீட்டு அம்மையார் சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் வேலை செய்பவர். விடிவதற்குள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். மருந்து கையாளும் அறைகளுக்குள் மின்சாரம் செல்லக்கூடாது என்பதால் அங்கே மின்விசிறிகூடக் கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை. கைபேசியும் உள்ளே போகாது. வெயில் ஏறிய நாள்களில் ஒரு சிறு உராய்வுக்கே அஞ்ச வேண்டிய இடம் அது. அந்த அனலிலிருந்து மாலையில் திரும்புபவரின் படுக்கையறைச் சன்னல் நம் சந்தைப் பார்த்துத்தான் இருக்கிறது. சந்தின் அகலம் மூன்றடி. நம் வெளி யூனிட்டுகள் இரண்டும் அச்சன்னலுக்கு நேர் எதிரே.

அவர் அந்தச் சன்னலைக் காலண்டர் அட்டைகளை வைத்து அடைத்திருந்தார். இரவில் மொட்டை மாடியில் படுக்கிறாராம். "ஏங்க்கா சொல்லல?" என்று மனைவி கேட்டதற்கு, "வயசானவங்க தூங்குறாங்கள்ல தங்கச்சி, அதான்" என்றிருக்கிறார்.

ஏ.சி. குளிரை உண்டாக்குவதில்லை. அறையிலுள்ள வெப்பத்தை உறிஞ்சி வெளியே தள்ளுகிறது. தான் தின்ற மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்தே தள்ளுகிறது. ஆகவே நாம் இழந்ததைவிட அதிகமான வெப்பம் சந்துக்குப் போகிறது. நம் அறையின் வெப்பம் ரியாத் வரை எண்ணாகத் தெரிந்தது. மூன்றடி தள்ளியிருந்த அறைக்கு அந்தச் செயலியில் எண் இல்லை.

அண்டை வீட்டாருக்குக் காற்று தடைபடும்படி, அவர் இசைவின்றிக் கட்டடத்தை உயர்த்தாதே என்று ஓர் அறிவிப்பு உண்டு. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பர் ஹதீஸ் கலையினர். மாணவர்களுக்கும் அப்படியே சொல்லிக் கடந்துவிடுவோம். ஆனால் அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று கேட்ட செய்தியைத் தொடர் பார்த்து நாம் கடக்கவில்லை. அதை நம்பித்தான் பெருநாள்தோறும் இறைச்சி கொண்டுபோகிறோம். இறைச்சியை வாசல் வழியாகவும் அனலைச் சன்னல் வழியாகவும் கொடுத்திருக்கிறோம்.

பெருநாள் முடிந்த மூன்றாம் நாள் அதே இளைஞரை வரவழைத்து இரண்டு யூனிட்டுகளையும் மொட்டை மாடிக்கு ஏற்றினோம். கூடுதல் செம்புக் குழாயும் கேஸும் கூலியுமாக ஒன்பதாயிரம் ரூபாய் ஆயிற்று. தம்பி கேட்ட உடனே அனுப்பினார். முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் ஆயிரமோ இரண்டாயிரமோதான் கூடுதலாகியிருக்கும். மாட்டும் நாளில், சந்துக்கு அப்பால் ஒரு சன்னல் இருக்கிறதே என்று நமக்குத் தோன்றவில்லை. புதிதாக வாங்கும் சகோதரர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

வெப்ப அளவையும் மாற்றினோம். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் விதி. ஒரு டிகிரி கூட்டினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது அதன் கணிப்பு. நம் வீட்டில் 27இல் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழல விடுகிறோம். தாயாருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு மாதக் கணக்கில் 500ஐத் தாண்டித்தான் போனது; தாயார் ஈ.பி. அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

மாடி ஏ.சி.யின் செயலியிலிருந்து தம்பி தாமாகவே விலகிக்கொண்டார். அதை அவர் மனைவியிடம் எப்படிச் சொன்னார், அவர் என்ன சொன்னார் என்பதெல்லாம் அவர்களுக்குள். மெயின் சுவிட்ச் இப்போது அணைவதில்லை.

தாயாரின் அறைக்கு மட்டும் ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. பிற்பகல் 2.30க்குக் கைபேசி மணி அடிக்கும். "போடட்டுமாம்மா?" என்பார். "போடு" என்றால் போடுவார். "மேகமா இருக்கு, வேணாம்ப்பா" என்றால் பேசிவிட்டு வைத்துவிடுவார். மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற நபிமொழியை அவருக்கு நாம் நினைவூட்டவில்லை, அவரே பிடித்துக்கொண்டார்.

சென்ற வாரம் ஒரு நாள் தாயார் லுஹரைத் தாமதமாகத் தொழுதுகொண்டிருந்தார். கைபேசி ஒரு முறை அடித்து நின்றது. சற்றுக் கழித்து மீண்டும். பிறகு மீண்டும். ஏ.சி. இயங்கவில்லை. ஸலாம் கொடுத்து, தஸ்பீஹ் முடித்து, திரையைப் பார்த்தார்.

"மூணு தடவ அடிச்சிட்டுத் திரும்பிட்டான்" என்றார். பிறகு தலையணைக்குக் கீழே துழாவி ரிமோட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எந்தப் பொத்தான் என்று நம்மிடம் கேட்டுத் தாமே அழுத்தினார்.