வாப்பா, இது திங்க ஏலுமா?



பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் அக்குறணைப் பிரதான வீதியில் ஸுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு ஒரு காட்சியைக் காணலாம். கடைகள் திறக்கு முன்பே வாடகை வேன்கள் வந்து நிற்கும். பாய், தலையணை, பந்து, தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் ஏறும். கடைசியாக, துணியால் வாய் கட்டிய பெரிய சட்டியொன்று இரண்டு பேர் தூக்க ஏறும். அதுதான் சோற்றுச் சட்டி. கண்டியிலிருந்து மாத்தளை வீதியில் பத்துக் கிலோமீற்றர் வடக்கே, பிங்கா ஓயாவின் கரையில் இருக்கும் இந்தச் சிறிய ஊரிலிருந்து நுவரெலியாவுக்குப் போனாலும் சரி, பண்டாரகமையிலுள்ள பேர்ல் பே நீர்ப் பூங்காவுக்குப் போனாலும் சரி, சட்டி இல்லாமல் எங்கள் உம்மாமார் பயணம் புறப்பட்டதில்லை.

அதை நான் குறை சொல்லவில்லை. வழியில் நம்பிச் சாப்பிடக் கடை இல்லாத காலத்தில் அந்தச் சட்டிதான் எங்கள் ஈமானையும் வயிற்றையும் சேர்த்துக் காத்தது. ஆனால் காலம் மாறிவிட்டது. பொழுதுபோக்குப் பூங்காக்கள் பலவற்றில் வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக விடுவதில்லை. ஹோட்டல்களோ அறையையும் சாப்பாட்டையும் ஒன்றாகக் கட்டி விலை சொல்கின்றன. "ஹாஃப் போர்டா, ஃபுல் போர்டா?" என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வீட்டுத் தலைவி யோசித்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலும் எதைக் கண்டாலும் ருசி பார்க்கத் துடிக்கும் பிள்ளையொன்று வீட்டில் இருந்துவிட்டால் யோசனை இரட்டிப்பாகிறது. அப்படியொரு பிள்ளையின் தகப்பன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன் பிள்ளைகள் மூவரையும் கூட்டிக்கொண்டு மேல் மாகாணத்திலுள்ள ஒரு பூங்காவுக்குப் போனோம். பக்கத்து ஹோட்டல் ஒன்றில் இரண்டு இரவுகள். மூன்று வேளையும் அங்கேயே சாப்பாடு என்று ஃபுல் போர்ட் எடுத்தேன். ஒரே தடவையில் பணத்தைக் கட்டிவிட்டால் பிறகு தலைவலி இல்லை என்பது என் கணக்கு.

எங்கள் இரண்டாவது மகளுக்கு அப்போது ஒன்பது வயது. கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தால், மற்றப் பிள்ளைகள் கோழித் துண்டைத் தேடும்; இவள் மட்டும் தான் இதுவரை தின்னாதது எது என்று பார்ப்பாள். பாபத்தும் தின்பாள், பாகற்காயும் தின்பாள். பெயர் என்ன, எப்படிச் சமைத்தது என்று கேட்டுக் கேட்டுத் தின்பாள்.

அன்றிரவு ஹோட்டலில் நீண்ட மேசை நிறைய வகை வகையாய் உணவு. அவள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். "வாப்பா, இது திங்க ஏலுமா?" பரிமாறுபவரிடம் கேட்டேன். இறைச்சி எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. சூப்பில் என்ன போட்டார்கள் என்றும் தெரியவில்லை. "ஏலாது மகள்" என்றேன். மீண்டும் ஓடினாள். மீண்டும் வந்தாள். மீண்டும் "ஏலாது." இப்படியே இரண்டு நாட்கள். பாண், பட்டர், பருப்பு, வாழைப்பழம். கட்டிய பணத்துக்கு நாங்கள் சாப்பிட்டது அவ்வளவுதான்.

இரண்டாம் இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு மனைவி சொன்னார். நீச்சல் தடாகத்தின் அருகே சிநேகமான ஒரு பிள்ளையின் தட்டிலிருந்து மகள் சொசேஜ் துண்டொன்றை வாங்கித் தின்றிருக்கிறாள். பிறகு பயந்துபோய், உம்மாவின் மடியில் முகம் புதைத்து அழுதிருக்கிறாள். "வாப்பாட்ட சொல்லாதீங்க" என்றாளாம்.

பருவமடையாத பிள்ளையின் மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்பதைப் பல வருடங்களாக மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவன் நான். சட்டம் எனக்குத் தெரியும். ஆனால் மனைவி அடுத்துக் கேட்டதற்குத்தான் என்னிடம் பதில் இருக்கவில்லை. "புள்ள அத்தன தடவ வந்து கேட்டிச்சு. நீங்க ஒரு தடவயாவது, இது ஏலும் மகள், வா திம்பம் எண்டு ஒண்டக் காட்டினீங்களா?"

சகோதரிகளே, அன்று என்னை வருத்தியது அந்தச் சொசேஜ் அல்ல. என் மகள் முதன்முதலாக என்னிடம் ஒன்றை மறைத்தாள் என்பதே.

தட்டில் அலைந்த கை

ஊர் திரும்பிய பின் ஸஹீஹுல் புகாரியில் பலமுறை படித்துக்கொடுத்த ஒரு சம்பவம் புதிதாகப் புரிந்தது. நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரழி). சாப்பிட உட்கார்ந்தால் அவருடைய கை தட்டின் நாலாபுறமும் அலையுமாம். நபியவர்கள் அவரை எழுப்பி விடவில்லை, தட்டையும் இழுத்துக்கொள்ளவில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லவும், வலது கையால் உண்ணவும், தனக்கு முன்னால் இருப்பதை எடுக்கவும் அன்போடு கற்றுக்கொடுத்தார்கள். அலையும் கைக்கு வழி காட்டினார்கள்.

இன்னொன்று, உடும்பு இறைச்சி பரிமாறப்பட்ட சம்பவம். தமது ஊரில் பழக்கமில்லாததால் நபியவர்களுக்கு அதில் விருப்பம் ஏற்படவில்லை. ஆனால் ஹராம் என்று சொல்லவில்லை. பக்கத்திலிருந்த காலித் இப்னுல் வலீத் (ரழி) அதை இழுத்துவைத்துச் சாப்பிட்டார்கள். நமக்குப் பிடிக்காதது வேறு, மார்க்கம் தடுத்தது வேறு. பிள்ளையிடம் "சீ, அதெல்லாம் தின்னாதே" என்று நாம் சொல்லும்போது இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறோம்.

ஹோட்டல்காரர் சொல்லும் திட்டங்கள்

இனி விஷயத்துக்கு வருவோம். சாப்பாட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் ஐந்து வகை. அறை மட்டும், அறையும் காலையுணவும், காலையும் இரவும் சேர்ந்த ஹாஃப் போர்ட், மூன்று வேளையும் சேர்ந்த ஃபுல் போர்ட், குடிபானங்களும் சேர்ந்த ஓல் இன்க்ளூசிவ். இந்தக் கடைசித் திட்டத்தின் விலையில் பெரும்பாலும் மதுபானத்தின் பங்கும் அடங்கியிருக்கும். நாம் தொடாத ஒன்றுக்கு நாமே பணம் கட்டுவானேன்?

பூங்காவுக்குப் போகும் குடும்பம் பகல் முழுவதும் வெளியே நிற்கும். எனவே ஃபுல் போர்டில் பகல் சாப்பாடு பெரும்பாலும் வீண். காலையுணவு மட்டும் சேர்ந்த திட்டமே நமக்கு நல்லது என்பது என் அனுபவம். முட்டை, அப்பம், இடியப்பம், பருப்பு, சம்பல், பழம் என்று காலை மேசையில் சந்தேகமில்லாதவை அதிகம். இரவுச் சாப்பாட்டை, அங்குள்ள சமையலறையைப் பற்றி விசாரித்த பிறகு முடிவு செய்யலாம்.

புஃபேயா, ஓடர் கொடுத்து எடுப்பதா என்பதையும் கேளுங்கள். ருசி பார்க்கும் பிள்ளைக்குப் புஃபே நல்லது. ஒரு கரண்டி எடுத்துப் பார்க்கலாம், பிடித்தால் மீண்டும் போகலாம். ஆனால் முதலில் ஒரு கரண்டிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று சட்டம் போடுங்கள். தட்டில் மிச்சம் வைப்பது வீண்விரயம் என்பதைப் பிள்ளை அங்கேயே படித்துக்கொள்ளும். "சிறுவர் மெனு" என்று தருவதோ எங்கு போனாலும் ஒன்றுதான்: பொரித்த கிழங்கு, நகெட்ஸ், சொசேஜ். தேடித் தின்னும் பிள்ளைக்கு அதில் ஒன்றுமில்லை. ஹலாலைத் தேடும் தாய்க்கு அதில்தான் தலையிடி.

வயதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஹோட்டல்களில் சிறு பிள்ளைக்கு இலவசம், பன்னிரண்டு வயது வரை குறைந்த விலை, அதற்கு மேல் பெரியவர் விலை. இடத்துக்கு இடம் இது மாறும். அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலுள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 2020இல் நிறுத்திய உணவுத் திட்டத்தை 2024 ஜனவரியில் மீண்டும் தொடங்கினார்கள். அங்கே 3 முதல் 9 வயது வரைதான் பிள்ளை. பத்து வயது ஆகிவிட்டால் பெரியவருக்கான கட்டணம். கொஞ்சமாகத் தின்னும் பத்து வயதுப் பிள்ளைக்கு அது நட்டம். நிறையத் தின்று பார்க்கும் பிள்ளைக்குப் பெரியவர் மெனு கிடைப்பதால் லாபம். ஆக, திட்டம் நல்லதா கெட்டதா என்று கேட்கு முன் நம் பிள்ளை எப்படிப்பட்டது என்று கேட்க வேண்டும். மலேசியாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு. அங்கே அரசாங்க நிறுவனமான ஜாகிமின் ஹலால் இலச்சினையைப் பார்த்தே பிள்ளைகள் கடையைத் தெரிவு செய்துவிடும்.

நம் நாட்டில் அப்படியில்லை. 2013இல் ஹலால் இலச்சினை பெரும் சர்ச்சையான பின், ஜம்இய்யத்துல் உலமா அந்தப் பணியிலிருந்து விலகியது. 2014 முதல் ஹலால் எக்ரடிடேஷன் கவுன்சில் என்ற தனி நிறுவனம் சான்றிதழ் வழங்குகிறது. சான்றிதழ் இருக்கிறதா, அது எந்தச் சமையலறைக்கு என்று அறை பதிவு செய்யு முன் கேட்பதே வழி.

நுவரெலியாப் பயணம்

அடுத்த விடுமுறையில் திட்டத்தை மனைவியிடமே விட்டுவிட்டேன். நுவரெலியாவில், சமையற்காரர் ஒருவரோடு ஒரு பங்களாவை ஒழுங்கு செய்தார். சாமான் நம்முடையது, சமையல் அவருடையது. எங்களூர்க் கடைக் கோழியைப் பனிக்கட்டியில் வைத்து எடுத்துக்கொண்டோம். பிறர் பாத்திரத்தை நன்றாகக் கழுவினால் போதும். என்றாலும் மன நிம்மதிக்காக எங்கள் சட்டியும் வேனில் ஏறியது. இந்த முறை வெறும் சட்டியாக.

பிள்ளைகளுக்கு உம்மா போட்ட ஒப்பந்தம் இது: ஒரு நாளைக்கு ஒரு புதிய உணவு. தெரிவு உன்னுடையது. கடைக்காரரிடம் "இதில் என்ன இருக்கு?" என்று கேட்க வேண்டியதும் நீதான்.

முதல் நாள் கண்டி நெரிசலைத் தாண்டிப் பேராதனைக்கு அருகே கன்னொருவவில் இறங்கினோம். அங்கே விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் பெண்களே நடத்தும் ஹெல போஜுன் உணவகம் இருக்கிறது. குரக்கன் ரொட்டி, தோசை, இலைக்கஞ்சி என்று நாட்டுத் தானியமும் மரக்கறியும்தான். மகள் ஒவ்வொரு பெண்ணிடமும் போய் நின்று கேட்டாள். கடைசியில் ஹெலப வாங்கினாள். குரக்கன் மாவையும் தேங்காய்ப் பூவையும் பாணியில் பிசைந்து, இலையில் மடித்து அவித்தது. "வாப்பா, இது திங்க ஏலுமா?" என்று பழக்கத்தில் கேட்டாள். "ஏலும் மகள். எனக்கும் ஒண்டு எடு" என்றேன். அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பிறகு கம்பளை, புஸ்ஸல்லாவ வழியாக மலையேற்றம். வளைவுகள் அதிகம். வயிறு நிறையச் சோறு தின்ற பிள்ளை றம்பொடைக்கு முன்பே வாந்தியெடுக்கும். பூங்காவில் ராட்டினம் ஏறுவதற்கும் இதே விதிதான். ஏறு முன் பழமோ பிஸ்கட்டோ போதும்; இறங்கிய பின் சாப்பாடு. 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் றம்பொடை நீர்வீழ்ச்சியைப் பார்த்து, தேயிலைத் தோட்டங்களுக்கிடையே ஏறி, 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவை அடைந்தபோது குளிர் பிடித்துவிட்டது. 1873இல் ஆளுநர் கிரகரி அமைத்த ஏரியைச் சுற்றித்தான் இன்று பிள்ளைகளின் கொண்டாட்டம். படகு, மட்டக் குதிரை, விளையாட்டுகள். அந்தக் குளிரில் சுடச்சுட அவித்த சோளம்.

இரண்டாம் நாள் மகளின் தெரிவு ஸ்ட்ரோபெரி. மூன்றாம் நாள் அவள் வீதியோரத்தில் லீக்ஸ் கட்டொன்றை வாங்கி வந்து, சமையற்காரர் பக்கத்தில் நின்று முட்டையோடு வதக்கக் கற்றுக்கொண்டாள். அந்தச் சட்டியில் அவள் சமைத்ததை எல்லோரும் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட்டோம். உப்புக் கொஞ்சம் கூடத்தான்; யாரும் சொல்லவில்லை.

தொலைபேசியை வைக்கு முன்

சகோதரிகளே, அறை பதிவு செய்யு முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோழியும் இறைச்சியும் எங்கிருந்து வருகின்றன? பன்றி இறைச்சி அதே சமையலறையில், அதே எண்ணெயில், அதே கரண்டியில் புழங்குகிறதா? சூப்பிலோ குழம்பிலோ வைன் சேர்க்கிறார்களா? கேக், புடிங் வகையில் பிரண்டி உண்டா? ஜெலியும் மார்ஷ்மெலோவும் எந்த ஜெலட்டினில் ஆனவை? திருப்தியான பதில் இல்லையென்றால் மீன், இறால், கணவாய், முட்டை, மரக்கறி என்று ஹலாலின் வாசல் விரிந்தே கிடக்கிறது. தனிச் சட்டியில் சமைத்துத் தரச் சொன்னால் பல இடங்களில் மறுக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். இறால், கச்சான் போன்றவை சில பிள்ளைகளின் உடம்புக்கு ஒத்துவராது. முதல் தடவை மிகக் கொஞ்சமாக, பகலில் கொடுங்கள்.

பிள்ளையிடம் ஒரு "ஏலாது" சொல்ல நேர்ந்தால் பக்கத்திலேயே ஒரு "ஏலும்" தேடி வையுங்கள். அல்லாஹ் ஹராமாக்கியவை சில, ஹலாலாக்கியவை எண்ணிலடங்காதவை. அந்தக் கணக்கு மேசையிலும் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் மகள் இப்போது வளர்ந்துவிட்டாள். சென்ற மாதம் சிநேகிதியொருத்தியின் வீட்டிலிருந்து வந்தவள், தானாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வாப்பா, இண்டைக்கு அங்க ஒரு சாமான் தந்தாங்க. என்னண்டு தெரியல்ல. கேட்டுப் பாத்துட்டுத் தின்னல்ல." பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்: "ஆனா வாசம் நல்லா இருந்திச்சு. எப்படிச் சமைக்கிறதெண்டு எழுதிட்டு வந்திருக்கன். நாங்க வீட்ட செய்வமா?"

செய்தோம், அல்ஹம்துலில்லாஹ்.