சட்டத்தில் 'மோட்டார் சைக்கிள்' என்று எழுதியிருக்கிறது



வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பற்றிய வகுப்புகளில் மாணவர்களிடம் நாங்கள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "இந்தச் சட்டத்தில் மோட்டார் சைக்கிள் என்ற சொல் எங்கே வருகிறது?" பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். கொலை, தீவைப்பு, பாலியல் வன்முறை பற்றிய சட்டத்தில் பைக்குக்கு என்ன வேலை என்று நினைக்கிறார்கள்.

ஆனால் இருக்கிறது. பிரிவு 3(1)-இல், 'இசட்.ஏ' என்ற உட்பிரிவில் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பொது இடத்தில் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது, செருப்பு அணிவதை, புத்தாடை உடுத்துவதை, திருமண ஊர்வலம் போவதைத் தடுப்பது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, அபராதம்.

ஒரு நாட்டின் சட்டம் 'பைக் ஓட்டுவதைத் தடுக்காதே' என்று தனியாக எழுத வேண்டியிருக்கிறது என்றால், அந்த நாட்டின் தெருக்கள் எப்படி இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு அதிகம் யோசிக்கத் தேவையில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டி வந்த ஒரு கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள். 'எங்கள் முன்னால் நீ புல்லட் ஓட்டுவதா' என்பதுதான் காரணம் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். வன்கொடுமைச் சட்டத்திலும் வழக்குப் பதிவானது. மூன்று பேர் கைதானார்கள். வெட்டப்பட்டது கை என்பதைக் கவனியுங்கள். ஆக்சிலேட்டரைத் திருகுகிற கை அது.

செய்தியாக வருவது வெட்டுதான். நாங்கள் வேலை செய்யும் கிராமங்களில் அன்றாடம் நடப்பது எந்தச் செய்தியிலும் வராது. ஊர்த்தெரு தொடங்கும் இடத்தில் வண்டியை அணைத்துவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற தம்பிகள் இருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டரில் முடியும் பயணத்துக்குக் கண்மாய்க்கரை வழியாக நாலு கிலோமீட்டர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் ஷிப்ட் வேலைக்கும் காலேஜுக்கும் பஸ் இல்லாத ஊரில் பைக் என்பது ஆடம்பரம் இல்லை. சம்பளமும் படிப்பும் அதன் மேல்தான் ஓடுகின்றன.

இந்தச் சொல் சட்டத்துக்குள் எப்படி வந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1989-இல் வந்த மூலச் சட்டத்தில் இது இல்லை. நாடு முழுவதும் தலித், ஆதிவாசி அமைப்புகள் கூட்டமைப்பாகச் சேர்ந்து, எந்தெந்தக் கொடுமைகள் சட்டத்தில் விடுபட்டிருக்கின்றன என்று பட்டியல் எடுத்தன. ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி பி.எஸ். கிருஷ்ணன் போன்றவர்கள் துணை நின்றார்கள். கட்சி வித்தியாசம் பார்க்காமல் எம்.பி.க்களைச் சந்தித்தார்கள். 2014 மார்ச்சில் அவசரச் சட்டம் வந்தது. ஆட்சி மாறியதும் மீண்டும் மசோதா, மீண்டும் நிலைக்குழு, மீண்டும் டெல்லிக்கு நடை. 2015 ஆகஸ்டில் மக்களவையும் டிசம்பரில் மாநிலங்களவையும் நிறைவேற்றின. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. சைக்கிளை விட்டு இறக்கப்பட்ட யாரோ ஒருவர், தன் ஊருக்கு வந்த தோழர்களிடம் அதை வெட்கப்படாமல் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னவர்களால்தான் அந்த வரி இருக்கிறது.

இது நமக்குப் புதிய வழியும் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் உறுப்பினராக இருந்த சென்னை மாகாணச் சட்டசபை, பொதுச் சாலையில் எந்த வகுப்பாரும் நடக்கத் தடையில்லை என்று 1924-இலேயே தீர்மானம் போட்டது. அன்று நடப்பதற்கு. இன்று வண்டியில் போவதற்கு. தெருவில் மறுக்கப்பட்டதைச் சபையில் கேட்பது நம் முன்னோர் போட்ட பாதை.

சரி, சட்டம் வந்துவிட்டது. பிறகு ஏன் தம்பிகள் இன்னும் வண்டியைத் தள்ளுகிறார்கள்? ஏனென்றால் சட்டத்தைக் கண்காணிக்க வேண்டியவர்களிடம் நாம் கணக்குக் கேட்பது குறைவு. வன்கொடுமை நடந்தால் காவல் நிலையம், மறியல், நீதிமன்றம் என்று போகிறோம். அது தேவைதான். ஆனால் வெட்டு விழுவதற்கு முன்பே பேச வேண்டிய இடங்கள் இருக்கின்றன.

அந்தச் சட்டத்தின் விதிகளை எடுத்துப் பாருங்கள். மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அந்த மாவட்டத்தின் எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் அதில் உறுப்பினர்கள். உட்கோட்ட அளவிலும் ஒரு குழு உண்டு. மாநிலக் குழுவுக்கு முதலமைச்சரே தலைவர். அது ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். உங்கள் எம்.எல்.ஏ. அந்தக் குழுவில் உட்கார்ந்து உங்கள் ஊர்ப் பிரச்சினையைப் பேசுவது அவர் உங்களுக்குச் செய்யும் உதவி அல்ல. அது அவருடைய கடமை.

இதைச் சொன்னால் இளைஞர்கள் ஒரு நியாயமான கேள்வி கேட்கிறார்கள். "தமிழ்நாட்டில் 44 தனித்தொகுதி எம்.எல்.ஏ.க்கள் இருக்கிறார்களே, அவர்களே ஏன் வாய் திறப்பதில்லை?" விடை 1932 பூனா ஒப்பந்தத்தில் இருக்கிறது. அம்பேத்கர் கேட்டது தனி வாக்காளர் தொகுதி. கிடைத்தது எல்லோரும் வாக்களிக்கும் தனித்தொகுதி. வேட்பாளர் நம்மவர். ஆனால் வெற்றியை முடிவு செய்யும் வாக்குகளில் பெரும்பகுதி நம்முடையதல்ல. ஆகவே அறைக்குள் அனுதாபம், மேடையில் மௌனம். இதைத் துரோகம் என்று திட்டிவிட்டு வந்துவிடலாம். ஆனால் திட்டுவதால் யாரும் வண்டியில் ஏறிவிட முடியாது. அவருடைய கட்டாயம் தெரிந்தால், அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

ஓர் ஊரின் இளைஞர்களோடு அப்படி ஓர் எம்.எல்.ஏ.வைச் சந்திக்கப் போனோம். "தம்பி, உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? ஆனா நான் அந்தத் தெருவுலயும் ஓட்டுக் கேக்கணும்ல" என்றார். வந்தவர்களில் இளையவன் சொன்னான்: "அண்ணே, நீங்க மேடையில எதுவும் பேச வேணாம். கமிட்டிக் கூட்டத்துல இந்த ஒரு தாளை மட்டும் வச்சிருங்க." அவர் தாளை வாங்கிப் படித்தார். வைத்தார். கூட்டக் குறிப்பில் ஏறியது. அடுத்த மாதம் டி.எஸ்.பி.யும் தாசில்தாரும் ஊருக்கு வந்து, சாலை எல்லோருக்கும் பொது என்று இரண்டு தெருவிலும் சொல்லிவிட்டுப் போனார்கள். பகலில் இப்போது யாரும் இறங்கித் தள்ளுவதில்லை. இரவில் சிலர் இன்னும் சுற்றித்தான் போகிறார்கள். வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதுதான் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது. எந்தச் சாலை, எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை. எந்தெந்தத் தேதியில், எத்தனை மணிக்கு யார் தடுக்கப்பட்டார்கள். எந்தச் சட்டப்பிரிவு. ஒரே ஒரு கோரிக்கை. சாதிக் கொடுமையின் வரலாற்றை நாங்கள் அதில் எழுதவில்லை. எம்.எல்.ஏ.விடம் இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். ஒரு தாளுக்கு மேல் போனால் அது உதவியாளரின் பையில் தூங்கிவிடும்.

இன்னொன்று, லைசென்ஸ், ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் சரியாக இருக்கட்டும். எதிர்த்தரப்பு எப்போதும் சொல்வது ஒன்றுதான்: "வேகமா ஓட்டுனான், சைலன்சரைக் கழட்டிட்டு ஓட்டுனான்." ஆவணம் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு போனால் பேச்சு சாதியிலிருந்து அபராதத்துக்குத் திரும்பிவிடும். வண்டியில் குறை இருந்தால் போலீஸ் அபராதம் போடட்டும். தெருவில் நிற்பவனுக்கு நம்மை இறக்கும் உரிமை இல்லை.

சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது ஆட்சியர் அலுவலகம் அறிவிப்பு வெளியிடும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை, ஒரு துறை மட்டும் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கை அங்கே கொண்டுபோக முடியாது. மாநிலத்தில் இந்தப் பிரிவின் கீழ் எத்தனை வழக்குகள் பதிவாயின, எத்தனை தண்டனையில் முடிந்தன என்று சட்டமன்றக் கேள்வி நேரத்தில் கேட்கும்படி எந்தக் கட்சி உறுப்பினரிடமும் எழுதிக் கொடுக்கலாம். காவல் துறை மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். சட்டத்தையே திருத்த வேண்டுமென்றால் அது எம்.பி.யின் வேலை.

கொடுத்தபின் விடாதீர்கள். மாவட்டக் குழு கடந்த இரண்டு ஆண்டுகளில் எந்தெந்தத் தேதிகளில் கூடியது, யார் யார் வந்தார்கள் என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு மீண்டும் எம்.எல்.ஏ.வைப் பாருங்கள். வராத கூட்டத்தின் தேதியை மரியாதையாக அவர் முன் வைத்தால் போதும். அடுத்த கூட்டத்துக்கு அவர் வருவதற்கான வாய்ப்பு கூடும்.

தனியாகப் போகாதீர்கள். ஊரில் கூடிப் பேசி, பெண்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். டி.வி.எஸ். எக்ஸலில் கணவர் பின்னால் உட்கார்ந்து வந்து, ஊர் தொடங்கும் இடத்தில் இறங்கி நடக்கும் அக்காவுக்கும் இதில் சொல்ல நிறைய இருக்கிறது.

அடுத்த காலாண்டுக் கூட்டத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் ஊரில் எந்தச் சாலையில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்று இன்றைக்கே ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள்.

ஜெய் பீம்.