சுவருக்குள் 68 அறைகள்... உள்ளே ஓர் ஆள்கூட இல்லை!

சிகாகோவின் மிச்சிகன் அவென்யூவில், இரண்டு வெண்கலச் சிங்கங்கள் வாசலில் நிற்கும் மியூசியம்தான் ஆர்ட் இன்ஸ்டிட்யூட். பெரிய ஓவியங்களைப் பிறகு பார்க்கலாம். முதலில் கீழ்த்தளத்துக்கு இறங்குங்கள். சுவரில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டி அறை. மொத்தம் 68!

நார்சிஸா தோர்ன் என்ற பெண்மணி, கைதேர்ந்த கலைஞர்களை வைத்து 1930-களில் உருவாக்கியவை இவை. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்பதுதான் கணக்கு. ஆறடி மனிதர் இங்கே ஆறு அங்குலம் இருப்பார். ஆனால், எந்த அறையிலும் மனிதப் பொம்மையே கிடையாது. இப்போதுதான் யாரோ எழுந்து வெளியே போனதுபோல இருக்கிறது!

நாற்காலி, கம்பளம் எல்லாமே அழகு. ஆனால், மாயம் கதவில் இருக்கிறது. திறந்த கதவுக்கு அப்பால் ஒரு படிக்கட்டு, ஒரு தோட்டம், இன்னோர் அறை... எதுவும் முழுசாகத் தெரியாது. தலையைச் சாய்த்து எட்டிப்பார்க்க வேண்டும். ஜன்னல் வழியே வரும் 'வெயில்'கூட மறைத்துவைத்த விளக்குதான்.

சுவரில் மாட்டும் பொம்மை வீடு கிட் வாங்கியவர்கள் இதை அப்படியே சுடலாம். ஒட்டுவதற்கு முன்பே பின்பலகையில் ஒரு ஜன்னல் வெட்டிவிடுங்கள். அதன் பின்னால் விரல் அகல இடைவெளி விட்டு, வான நீலத்தில் ஓர் அட்டை. நடுவே, கண்ணில் படாதபடி ஒரு சின்ன எல்.இ.டி. கையகல அறைக்கும் ஆழம் வந்துவிடும்.

சாமான் வாங்கும்போது அளவு முக்கியம். 1:24 கிட்டில் ஓர் அடிக்கு அரை அங்குலம்தான். அதில் 1:12 நாற்காலியைப் போட்டால், ராட்சசன் குடிவந்த மாதிரி ஆகிவிடும்.

டிசம்பரில் சிகாகோ போகிறீர்களா? சில அறைகளில் பண்டிகை அலங்காரம் செய்வது அங்கே வழக்கம். குனிந்து பாருங்கள்.